கரிசலுக்கு வேண்டிய கருப்பு நூல்

கார்பன் நானோகுழாய் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை வலிமையில் தொடங்கி வலிமையிலேயே முடிகின்றன. எஃகைவிடப் பல மடங்கு உறுதி, விண்வெளிக்கு ஏணி, குண்டு துளைக்காத கவசம் என்று அந்தப் பட்டியல் நீளும். பாலிமரோடு இந்தக் குழாய்களைக் கலந்து இழையாக இழுக்கும் தொழில்நுட்பம் உண்மையானது. கால் நூற்றாண்டாக ஆய்வகங்களில் வளர்ந்து வருவது. ஆனால் கோவில்பட்டியையும் அதைச் சுற்றிய கரிசல் காட்டையும் மனத்தில் வைத்து, இந்த இழை நமக்கு எதற்கு என்று கேட்டால் வேறு விடை வருகிறது. இங்கே முதலில் வேண்டியது மின்னூட்டத்தைத் தேங்கவிடாமல் வழியனுப்பும் நூல். அந்த நூலைப் பருத்தியோடு நெய்து, பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆலையிலும் மருந்தோடு வேலை செய்கிறவர்களின் உடம்பில் சட்டையாகப் போட வேண்டும். மற்ற கனவுகள் காத்திருக்கலாம்.

இப்படிச் சொல்வதற்கான காரணம் இழையின் வரலாற்றிலேயே இருக்கிறது. ஜப்பானின் என்இசி ஆய்வகத்தில் சுமியோ இஜிமா 1991-ல் நானோகுழாய்களைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் இந்தப் பொருளைக் கவனிக்கத் தொடங்கியது. ஒற்றைச் சுவர்க் குழாயின் குறுக்களவு ஒரு நானோமீட்டரை ஒட்டியது. தலைமுடி அதைப் போலப் பல்லாயிரம் மடங்கு தடிமன். 2000-ல் பிரான்சில் பிலிப் பூலானின் குழு இந்தக் குழாய்களை நீரில் கலைத்து, பாலிவினைல் ஆல்கஹால் கரைசலுக்குள் செலுத்தி நூலாக உறைய வைத்தது. 2003-ல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்தில் ஆலன் டால்டன், ரே பாமன் குழு அதே வழியை மேம்படுத்தி நூறு மீட்டர் நீள நூலை எடுத்தது. அறுவதற்கு முன் அந்த நூல் உள்வாங்கிய ஆற்றல் கிராமுக்கு 570 ஜூல். சிலந்தி இழைக்கு 165, கெவ்லாருக்கு 33 என்று அவர்கள் ஒப்பிட்டார்கள். ஜார்ஜியா டெக்கில் இந்தியரான சதீஷ் குமாரின் குழு 2002-ல் பிபிஓ என்ற உறுதிமிக்க பாலிமரில் 10 சதவீதம் நானோகுழாய் சேர்த்து, இழுவிசை வலிமை ஏறத்தாழ 50 சதவீதம் கூடியதைக் காட்டியது. இவையெல்லாம் பெரிய சாதனைகள், குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தனித்த ஒரு நானோகுழாயை இழுத்துப் பார்த்த 2000-ஆம் ஆண்டுச் சோதனையில் அதன் வெளிச்சுவரின் வலிமை 11 முதல் 63 கிகாபாஸ்கல் வரை இருந்தது. டல்லஸ் நூலின் வலிமை 1.8 கிகாபாஸ்கல். சந்தையில் கிடைக்கும் கெவ்லார் 3-ஐத் தாண்டும். ஜார்ஜியா டெக் இழை 50 சதவீதம் உயர்ந்த பிறகும், அதே பிபிஓ பாலிமரில் ஜப்பானில் ஆலை அளவில் செய்யப்பட்ட ஸைலானின் 5.8-ஐ எட்டவில்லை. காரணம் எளிது. குழாய் அறுவதற்கு வெகுமுன்பே பக்கத்துக் குழாயிலிருந்தும் பாலிமரிலிருந்தும் வழுக்கி விடுகிறது. குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகச் சேர்கின்றன. கட்டி இருக்கும் இடத்தில் இழை அறுகிறது. குழாயைத் தனித்தனியாகப் பிரிப்பது, ஒரே திசையில் கிடத்துவது, பாலிமரோடு நன்றாகப் பிடிக்க வைப்பது ஆகிய மூன்றும் கைகூடினால்தான் குழாயின் வலிமை நூலுக்கு வரும். பெரும் பணமும் பொறுமையும் உள்ள நாடுகளே இதில் மெல்ல நகர்கின்றன. வலிமையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் ஸைலானே சாட்சி: அந்த இழையில் செய்த குண்டு துளைக்காத உடுப்புகள் ஈரத்திலும் வெப்பத்திலும் நைந்து போவது தெரிந்து, 2005-ல் அமெரிக்க நீதித்துறை அவற்றுக்கான ஏற்பை விலக்கிக்கொண்டது.

கயத்தாறு காற்றாலைகளை இங்கே சிலர் நினைவுபடுத்துவார்கள். தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் கயத்தாற்றில் இருக்கிறது; இறக்கைகள் கண்ணாடி இழையும் எப்பாக்ஸியும் கலந்தவை; நீளமான புதிய இறக்கைகளுக்குக் கார்பன் இழை முதுகெலும்பாகிறது; பிசினில் நானோகுழாய் சேர்த்தால் விரிசல் பரவுவது குறையும் என்று ஆய்வுகளும் உண்டு. உண்மைதான். ஆனால் காற்றாலை இறக்கையின் வடிவமும் பொருளும் வெளியூர், வெளிநாட்டு நிறுவனங்களின் வரைபடத்தில் முடிவாகின்றன. நமக்கு அங்கே வாடகை நிலமும் பராமரிப்பு வேலையும்தான் மிஞ்சுகின்றன. கீழடிப் பானை ஓடுகளின் கருப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக வேலூர் விஐடி ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட கட்டுரையைக் காட்டிப் பெருமைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அது சூளை நெருப்பில் தானாக விளைந்தது. அந்தக் குயவர்களின் கைத்திறனுக்கு அது அழகான சான்று, இன்றைய ஆலைக்கு அது வழிகாட்டாது.

நானோகுழாயின் இன்னொரு குணத்தைப் பற்றி ஏனோ குறைவாகவே பேசுகிறோம். அது மின்சாரத்தைக் கடத்தும். பாலியெஸ்டர், நைலான் போன்றவை மின்சாரத்தைக் கடத்தாதவை. அவற்றில் உராய்வால் ஏறிய மின்னூட்டம் போக இடமில்லாமல் தங்கும். அவற்றுக்குள் கார்பன் துகள்களைச் சேர்த்து, துகளோடு துகள் தொட்டு ஒரு பாதை அமைந்தால் மின்னூட்டம் அந்த வழியே கசிந்து வெளியேறும். தரையில் எள்ளைத் தூவி ஒன்றையொன்று தொட வைக்க மரக்கால் கணக்கில் எள் வேண்டும். அதே தரையில் பருத்திமாரைப் பரப்பினால் ஒரு கட்டு போதும். உருண்டைத் துகளான கார்பன் கருப்புத் தூளுக்கும் நீண்ட நானோகுழாய்க்கும் உள்ள வேறுபாடு அதுதான். கார்பன் கருப்பு பொதுவாக எடையில் 10 சதவீதத்தைத் தாண்டிச் சேர்க்கப்பட வேண்டியிருக்கிறது; நானோகுழாய் 1 முதல் 3 சதவீதத்திலேயே பாதையை அமைத்துவிடும், சில கலவைகளில் அதற்கும் குறைவாக. சேர்க்கை குறைந்தால் பாலிமர் தன் இயல்பு கெடாமல் இழுபடும். நூல் அறுவதும் குறையும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. என் வாதத்தின் அச்சாணியே அதுதான். வலிமைக்காக இழையை இழுத்து இழுத்துக் குழாய்களை ஒரே திசையில் கிடத்தினால், குறுக்கே கிடந்து தொட்டுக்கொண்டிருந்த குழாய்கள் விலகிவிடும். கடத்தும் திறன் சரிந்துவிடும். கடத்துவதற்காகக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக விட்டால் வலிமை முழுதாக வராது. ஒரே இழையில் இரண்டையும் உச்சத்துக்குக் கொண்டுபோவது கடினம். அதனால்தான் உள்ளே வெறும் பாலியெஸ்டரும் வெளியே நானோகுழாய் கலந்த உறையுமாக இரட்டை இழை செய்கிறார்கள். ஜப்பானில் குராரே குழும நிறுவனம் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, பாலியெஸ்டர் நூலின் மேல் நானோகுழாய்ப் பூச்சு கொடுக்கும் வழியைப் பிடித்தது. இந்த இழை எதற்கு என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்லாமல் நானோ தொழில்நுட்பப் பூங்கா, சிறப்பு மையம் என்று பெயர்ப்பலகை மாட்டுவது வீண் செலவு. எதற்கு என்பதைப் பயன்படுத்துகிற ஊர் சொல்ல வேண்டும்.

இந்த ஊர்களுக்கு அந்த விடை தெரியும். மழை குறைவு, காற்று வறட்சி, வானம் பார்த்த விவசாயம். மழை பொய்த்த ஆண்டில் வேறு பிழைப்பு வேண்டும். பி. அய்யநாடாரும் ஏ. சண்முகநாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததும், அது சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியதும் இந்த வறட்சியின் மேல் நடந்தவை. குச்சியும் மருந்தும் காய்வதற்கு வறண்ட காற்று வேண்டும். அதே வறண்ட காற்றில்தான் நிலைமின்னூட்டமும் உடம்பில் தங்குகிறது. நடந்தாலும், துணி உரசினாலும், இருக்கையிலிருந்து எழுந்தாலும் உடம்பில் பல ஆயிரம் வோல்ட் ஏறும். 10,000 வோல்ட் ஏறிய மனித உடம்பிலிருந்து பாயும் பொறியின் ஆற்றல் சில மில்லிஜூல். கையில் சுள்ளென்று ஒரு கடி, நமக்கு அவ்வளவுதான். நுண்ணிய அலுமினியத் தூளும் ஆக்சிஜன் தரும் உப்பும் கலந்த மருந்துக்கு, கலவையைப் பொறுத்து, அந்தக் கடியே போதும்.

முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-ல் பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் கருகினார்கள். சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12-ல் குறைந்தது 20 உயிர்கள் போயின. இடையிலும் பின்னும் நடந்தவற்றை இந்தப் பக்கத்து மக்கள் ஊர்ப்பெயர்களாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மறுநாள் செய்தியில் மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது என்ற வரி வருகிறது. உராய்வு பெரும் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நிலைமின் பொறிக்குத் தடயம் இருக்காது. கட்டடமே தரைமட்டமான இடத்தில் அது பொறியா உரசலா என்று பிரித்துச் சொல்லச் சாட்சி மிஞ்சுவதில்லை. ஆலை அறை வாசலில் உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகச் சொல்வதும், செயற்கை இழைத் துணியைத் தவிர்த்துப் பருத்தி உடுத்தச் சொல்வதும் அந்த ஆபத்தைத் தொழில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதற்கு அடையாளம்.

அப்படியானால் பருத்தியே போதாதா? இதுதான் நியாயமான முதல் கேள்வி. பருத்தி மின்னூட்டத்தைக் கடத்துவது தன் குணத்தால் என்று நினைக்கிறோம். உண்மையில் அது குடித்து வைத்திருக்கும் ஈரத்தால். 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் உலர் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் நீரை வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வைத்திருக்காது. காற்று வறள வறளப் பருத்தியும் அந்த ஈரத்தை இழக்கிறது. அதன் மின்தடை பல மடங்காக ஏறுகிறது. சித்திரை, வைகாசிப் பகலில், தகரக் கூரைக்குப் பக்கத்தில், காற்றுக்கு வழியில்லாத அறையில் பருத்திச் சட்டை தரும் காப்பு கடலோர ஊரில் அது தரும் காப்புக்குச் சமமாகாது. காப்பு எப்போது மிகவும் தேவையோ அப்போதுதான் பருத்தி கைவிடுகிறது. கார்பன் கலந்த இழைக்கு இந்தக் குறை கிடையாது; அதன் பாதை ஈரத்தை நம்பியிருப்பதில்லை.

இதற்காகப் பருத்தியைக் கைவிட வேண்டியதும் இல்லை; எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும் எரிவாயு நிலையங்களிலும் உலகெங்கும் அணியும் நிலைமின் தடுப்பு உடைகளில் பல, 98 பங்கு பருத்தியும் 2 பங்கு கார்பன் இழையும் கொண்டவை. பாவிலும் ஊடையிலும் சிறு இடைவெளிக்கு ஒரு கருப்பு நூல் ஓடும். கட்டம் போட்ட துணி போலத் தெரியும். அந்த வலை மின்னூட்டத்தை ஓரிடத்தில் குவியவிடாது. ஆக, ஒரு மீட்டர் துணிக்கு நானோகுழாய் இழை வெகு சொற்பமே வேண்டும். மீதி முழுதும் பருத்தி. கரிசல் பருத்திக்கு இந்த நூற்றாண்டில் இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி வரப்போவதில்லை. திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரில் தூத்துக்குடித் துறைமுகம் வழியே கப்பலேறிய கருங்கண்ணி என்ற நாட்டு ரகம், ஆலைகள் நீள இழையைக் கேட்கத் தொடங்கியதும் கம்போடியாப் பருத்திக்கும் பின்னால் வந்த ஒட்டு ரகங்களுக்கும் இடம்விட்டு ஒதுங்கியது. இழை நீளம் என்ற ஒற்றை அளவுகோலை வாங்குகிறவர்கள் வைத்தார்கள். மழையில்லாமல் தாங்கும் குணத்துக்கு அந்த அளவுகோலில் மதிப்பெண் கிடையாது. முரட்டு வேலைச் சட்டைக்கு மெல்லிய நீள இழை தேவையில்லை. தடித்த நூல் போதும். அதை இந்த மண் தருகிறது.

வேண்டிய கைகளும் இங்கேயே இருக்கின்றன. கோவில்பட்டியில் 1901-ல் அரசுப் பண்ணையாகத் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பருத்தியில் நூற்றாண்டைத் தாண்டிய அனுபவம் கொண்டது. கே, கேசி என்ற முன்னெழுத்தோடு வந்த பருத்தி ரகங்கள் அங்கே பிறந்தவை. தன் தோற்றத்தை 1891-க்குக் கொண்டுபோகும் லாயல் டெக்ஸ்டைல் மில்ஸ் கோவில்பட்டி மில் தெருவில் இருக்கிறது. 2020-ல் பெருந்தொற்றுக் காலத்தில் ரிலையன்ஸ், சுவிட்சர்லாந்தின் ஹெய்க்யூ ஆகியவற்றோடு சேர்ந்து, துவைத்து மறுபடி அணியத்தக்க பாதுகாப்பு உடைகளை அது சந்தைக்குக் கொண்டுவந்தது. பாதுகாப்பு உடை என்பது சோதனையும் சான்றும் தேவைப்படும் சரக்கு என்பதை அறிந்த ஊர் இது. சிவகாசியில் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையம் இருக்கிறது. விதை, நூல், துணி, துணியைப் போடப்போகும் ஆலை, அந்த ஆலையைக் கண்காணிக்கும் ஆய்வகம் எல்லாம் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் அடங்கும் இடம் நாட்டில் வேறெங்கும் இருக்கிறதா என்று எனக்கு ஐயமே.

இனி மறுப்புகள். சட்டை மாற்றினால் சாவு நின்றுவிடுமா என்று தொழிற்சங்கத்தார் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். உரிமம் பெற்றவர் ஆலையை உள்குத்தகைக்கு விடுவது, நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் கூட்டமாக உட்கார்வது, அளவுக்கு மேல் மருந்து குவிப்பது, தீபாவளி நெருக்கத்தில் மரத்தடியில் மருந்து செலுத்துவது: சாவுகளின் வேர் இவற்றில்தான். இவற்றை விட்டுவிட்டுச் சட்டை கொடுத்தோம் என்று முதலாளி கணக்குக் காட்டினால் அது தொழிலாளிக்குச் செய்யும் துரோகம். ஆனால் ஒரு காப்பு எல்லாவற்றையும் தடுக்காது என்பதால் அந்தக் காப்பே வேண்டாம் என்பது சரியல்ல. இடைவெளி விட்டுக் கட்டடம் கட்டுவதும் எல்லா வெடிப்பையும் தடுப்பதில்லை. பக்கத்து அறைக்குப் பரவுவதைத் தடுக்கிறது. நிலைமின்னூட்டம் என்ற ஒரு காரணத்தை முழுதாக அடைத்துவிட்டால், விசாரணையில் மிஞ்சும் காரணங்கள் மேலாண்மையின் காரணங்களாகவே இருக்கும். உராய்வு என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் ஒளித்து வைப்பது அப்புறம் கடினமாகும்.

கார்பன் கருப்பு இழையே சந்தையில் இருக்கும்போது நானோகுழாய் எதற்கு என்பது பொறியாளர்களின் கேள்வி. எஃகு இழையும் உண்டு. உண்மையைச் சொன்னால் முதல் ஆண்டுச் சட்டைகளை அவற்றிலேயே நெய்யலாம், நெய்யவும் வேண்டும். உயிர்க்காப்பு ஆய்வுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆனால் அந்த இழைகள் வெளியிலிருந்து வாங்குபவை. கருப்புத் தூள் மிகுந்த இழை முரடாகவும் எளிதில் ஒடிவதாகவும் இருப்பதால், சோடாவும் கல்லும் போட்டு அடித்துத் துவைக்கும் நம் வழக்கத்துக்கு அது எத்தனை மாதம் தாங்கும் என்பது சோதித்துப் பார்க்க வேண்டிய ஒன்று. நானோகுழாய் அங்கேதான் நுழைகிறது: குறைந்த சேர்க்கை, வளையும் நூல், நீண்ட ஆயுள். லித்தியம் மின்கலங்களில் கடத்தும் சேர்க்கையாக நானோகுழாய் பெருமளவில் போகத் தொடங்கியிருப்பதால் அது இனி அரும்பொருளும் இல்லை. வலிமைப் போட்டியில் நாம் வெகுவாகப் பின்தங்கியவர்கள். இந்தச் சிறிய, தெளிவான வேலையில் அப்படி இல்லை.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிகவும் கனமானதாக எண்ணுகிறேன். நானோகுழாய் நுரையீரலுக்குக் கெடுதி செய்யுமா? செய்யக்கூடும். நீளமான பல்சுவர்க் குழாய்களை எலிகளின் வயிற்றறைக்குள் செலுத்தியபோது ஆஸ்பெஸ்டாஸ் உண்டாக்கும் அழற்சியைப் போன்றது உண்டானதை எடின்பரோவின் கென் டொனால்ட்சன் குழு 2008-ல் காட்டியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-ல் கூடி, ஒரு வகைப் பல்சுவர்க் குழாயை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற 2பி பட்டியலில் வைத்தது. மற்ற வகைகளுக்கு முடிவு சொல்லச் சான்று போதவில்லை என்றது. அமெரிக்கத் தொழில் நலவாழ்வு நிறுவனமான நியாஷ் 2013-ல் பரிந்துரைத்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். நூற்பாலைப் பஞ்சுத் தூசிக்கு அதே நாட்டின் வரம்பு 200 மைக்ரோகிராம். இந்த இரண்டு எண்களையும் கோவில்பட்டிக்காரர்கள் சேர்த்துப் படிக்க வேண்டும். புளோ ரூமிலும் கார்டிங்கிலும் இளமையைக் கழித்துவிட்டு மூச்சிரைப்போடு ஓய்வு பெற்ற தலைமுறையை இந்த ஊர்கள் அறியும். பஞ்சுத் தூசி நோயான பிசினோசிஸ் தொழிற்சாலைச் சட்டத்தின் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருந்தும், அறிவிக்கப்படாமல் போனவர்களே மிகுதி. இருநூறில் ஒரு பங்கு அளவிலேயே ஆபத்தாகும் இன்னொரு தூசியை அதே அலட்சியத்தோடு உள்ளே விட்டால் மன்னிப்பே கிடையாது.

ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பிரிக்கலாம். தூளாகப் பறக்கும்போதுதான் நானோகுழாய் மூச்சில் புகுகிறது; மூட்டையைப் பிரிப்பதும் எடை போட்டுக் கலப்பதும் ஆபத்தான வேலைகள். பாலிமர்க் குருணைக்குள் முன்பே உருக்கிப் பிணைத்த நிலையில் வந்தால் பறக்க வழியில்லை. ஆகவே கரிசல் பகுதிக்குள் நானோகுழாய்த் தூள் வரவே கூடாது, குருணையாக மட்டுமே வர வேண்டும் என்ற ஒரு விதியை முதல் நாளே எழுதிவிட வேண்டும். இழையைக் கத்தரிக்கும் இடத்திலும் நெசவிலும் காற்றை அளந்து, அந்த அளவை ஆலை வாசலில் தொழிலாளர் படிக்கும்படி ஒட்ட வேண்டும். பழைய சட்டையை எரிக்கக் கூடாது. திரும்பப் பெற வேண்டும். துவைக்கும்போது எவ்வளவு உதிர்கிறது என்று சோதிக்காமல் எந்த நூலுக்கும் அனுமதி தரக் கூடாது. தேர்ந்தெடுக்கும் குழாயும் நீளத்திலும் விறைப்பிலும் தீங்கு குறைந்ததாக இருக்க வேண்டும். 2பி பட்டியலில் உள்ள வகையைத் தொடவே வேண்டாம். இவற்றுக்குச் செலவாகும். அந்தச் செலவைத் தாங்க முடியாத திட்டம் என்றால் அந்தத் திட்டம் வேண்டாம். கார்பன் கருப்பு இழையோடு நின்றுகொள்வோம்.

அணிவார்களா என்பது கடைசி ஐயம். வெயிலில் கனத்த மேலங்கி கொடுத்தால் யாரும் அணியமாட்டார்கள். ஆனால் இந்தப் பக்கத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போடுவது பழகிப்போன ஒன்று. வயலிலும் ஆலையிலும் பார்க்கலாம். வீட்டில் இருப்பது பெரும்பாலும் விலை குறைந்த செயற்கை இழைச் சேலை. பருத்தி உடுத்துங்கள் என்று விதி சொன்னாலும் பருத்திச் சேலையின் விலையைக் கூலி தாங்குவதில்லை. முழங்காலுக்குக் கீழ்வரை மறைக்கும் மெல்லிய பருத்திச் சட்டையை ஆலையே கொடுத்து, ஆலையிலேயே மாற்றிக்கொள்ள இடமும் கொடுத்தால் விதி உயிர் பெறும். மருந்து அறைக்குள் அதைக் கழற்றவோ உதறவோ கூடாது என்பதைப் பயிற்சியில் சேர்க்க வேண்டும். செயற்கைத் துணிக்கு மேலிருந்து சட்டையை உருவும் கணத்தில்தான் மின்னூட்டம் பாய்ந்து ஏறும். தரையும் காலும் மின்னூட்டத்தை இறக்கிவிடும் நிலையில் இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. ரப்பர்ச் செருப்போடு நிற்கிறவருக்கு எந்த நூலும் உதவாது.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2020-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தேசிய தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்துக்கு ஒதுக்கியது 1,480 கோடி ரூபாய். விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்காவுக்கு 2023 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது. கோவில்பட்டிக்கும் சிவகாசிக்கும் அது அண்டை வீடு. அங்கே பெரிய நிறுவனங்களுக்கு நிலம் பிரித்துக் கொடுப்பதோடு நிற்காமல், குருணையை உருக்கி இரட்டை இழை இழுக்கும் ஒரு சிறு சோதனை எந்திரமும், 20 சதவீத ஈரப்பதத்தில் துணியைச் சோதிக்கும் அறையும் பொதுச் செலவில் வர வேண்டும். பாதுகாப்பு உடைச் சோதனைகள் வெளிநாட்டு ஈரப்பத அளவில் தேறினால் போதாது. கரிசலின் வைகாசிப் பகலில் தேற வேண்டும். ஐம்பது முறை துவைத்த பிறகும் தேற வேண்டும். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் தடித்த நூலுக்கான மானாவாரிப் பருத்தியையும், கோவையின் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா நூற்பையும், சிவகாசி மையம் மருந்தோடு வைத்துச் செய்யும் பொறிச் சோதனையையும் ஏற்றால் வேலை பிரிந்துவிடும்.

வாங்குகிறவர் இருந்தால்தான் நூற்கிறவர் வருவார். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி நல வாரியம் இருக்கிறது. இப்போது கிடைக்கும் கார்பன் இழையைக் கொண்டே நெய்த முதல் தொகுதிச் சட்டைகளை அந்த வாரியம் வாங்கி, மருந்து கலக்கும், செலுத்தும் அறைகளில் இருப்பவர்களுக்கு முதலில் கொடுக்கட்டும். அடுத்த தொகுதிகளை வாங்கும் பொறுப்பை உரிமம் புதுப்பிக்கும் நிபந்தனையாக ஆலைகளின் மேல் பெசோ வைக்கட்டும். விருதுநகர், தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து இதைத் தொடங்க முடியும். சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. அடுத்த தீபாவளிக்கான மருந்துக் கலவை தொடங்குவதற்கு முன் அந்த முதல் சட்டைகள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும்.